மூன்று பூச்சு வெள்ளை

"லூசா இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை. ஒரு சனிக்கிழமை மதியம். நான் தரையில் முட்டி போட்டு, மரச்சட்டத்தின் மேல் கேன்வாஸ் துணியை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் போல, அதை இடது கையால் பிடித்திருந்தார்.

"இதுக்கு மேல வராதுங்க."

"வரும். குறடால புடி. நடுவுல ஒரு பின் அடி. அடிச்சிட்டு எதிர்ப்பக்கம் வா."

அப்போது அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. வார்த்தைகள் வாயின் ஒரு ஓரமாக வழிந்து வந்தன. மற்றவர்கள் இரண்டு முறை கேட்பார்கள். எனக்கு ஒரே தடவையில் புரிந்துவிடும். திட்டுவதும் புரிந்துவிடும்.

கேன்வாஸ் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நான்கு பக்கத்திலும் முதலில் நடுவில் மட்டும் ஒவ்வொரு பின். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. ஒரே பக்கத்தை முழுக்க அடித்து முடித்துவிட்டால் துணி கோணிக்கொள்ளும். மூலையில் தபால் உறையை மடிப்பது போல மடித்து அடிக்க வேண்டும். இதெல்லாம் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எதுவும் தெரியாது. அடித்த பின்களையெல்லாம் மூன்று முறை பிடுங்க வைத்தார். என் ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் கிழிந்து, துணியில் ஒரு பொட்டு ரத்தம் பட்டது.

"பின்பக்கந்தானே. உடு" என்றார்.

முடித்ததும் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, இடது கை விரலால் துணியை ஒரு சுண்டு சுண்டினார்.

"தபேலா மாதிரி கேக்கணும். இது தலகாணி மாதிரி கேக்குது."

நான்காம் முறையாகப் பிடுங்கினேன்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் வேலை பார்த்த வேங்கிக்கால் அலுவலகத்தைப் பற்றி எழுதிவிட்டேன். பிறந்த வீட்டைப் பற்றி எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஏழுமலையைப் பற்றி மட்டும் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. ஏன் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவரைப் பற்றி எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

படம் போடுகிறவர்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாப்ள என்னா பண்றாரு?" என்பது. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம் எங்களுடையது. நிலமும் சர்க்கார் உத்தியோகமும் தவிர வேறெதுவும் அப்பாவுக்கு வேலையாகத் தெரியாது.

"படம் போடறாருங்க" என்றார் கூட வந்தவர்.

"எந்த தியேட்டர்ல?"

அறையே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தேன்.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிற வெளியூர்க்காரர்களுக்காக அவர் வரைந்தார். அக்ரிலிக் வண்ணத்தில் எங்கள் ஊர் மலை. மேகத்தோடு மலை, மயிலோடு மலை, சூரியன் எழும்போது மலை. காபிக் கடைகளின் சுவரில் மாட்டி வைப்பார்கள். ஊருக்குப் போகிறவர்கள் காசு கொடுத்து, கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். மாட்டியிருந்த இடத்துக்கு இன்னொரு மலை வரும்.

வரையும்போது அவர் முகத்தில் எந்த மகிழ்ச்சியையும் நான் பார்த்ததில்லை. கேன்வாஸ் தயார் செய்யும்போதுதான் பார்த்திருக்கிறேன். கடையில் பூசி விற்கிற கேன்வாஸை அவர் தொட மாட்டார். துணியை வாங்கி, சட்டம் போட்டு, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சைத் தானே பூசுவார். அதைப் பூசாமல் வண்ணம் வைத்தால் துணி குடித்துவிடும். பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. அந்த இரண்டு நாளும் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார்.

கல்யாணமான புதிதில், காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு விரலை வைத்துவிட்டேன். ரேகையோடு பதிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. முழுவதையும் முதலிலிருந்து தேய்த்தார். தேய்த்து முடித்துவிட்டு, "இனிமே இந்த ரூமுக்குள்ள எதையும் தொடாத" என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் டீயை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

பௌர்ணமியன்று

அவர் விழுந்தது ஒரு பௌர்ணமியன்று, பொழுது சாயும் நேரத்தில். மேலே வாளி உருளும் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்துக்கொண்டு அரிசி களைந்து முடித்தேன். பிறகுதான் படியேறினேன். அந்த அரிசி களைந்த நேரம் எவ்வளவு என்று இன்றும் சில சமயம் அடுப்படியில் நின்று கணக்குப் போடுகிறேன்.

ஜெஸ்ஸோ கொட்டிய தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம், காது, முடியெல்லாம் வெள்ளை. கண் திறந்திருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். சத்தம் மட்டும் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். தெருமுனை வரைக்கும்தான் ஓடியது. சாலை முழுக்க கிரிவலக் கூட்டம். ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தன, நாங்கள் எதிர்த் திசையில் போக வேண்டும். நடந்துகொண்டிருந்தவர்களில் நாலு பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஆட்டோவுக்கு முன்னால் ஓடி வழி விலக்கினார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அப்படியும் நகர்ந்து நகர்ந்துதான் போனோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கன்னத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "என்னாம்மா இது, சுண்ணாம்பா?" என்று கேட்டாள்.

"ஜெஸ்ஸோ."

"அப்டின்னா?"

"பெயிண்ட் வைக்கறதுக்கு முன்னாடி வைக்கற பெயிண்ட்" என்றேன்.

அங்கே நின்று அதை விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கவாதம், வலது பக்கம் என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஒரே மகள் நித்யா சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம் கூட இருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் போன பிறகு காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மத்தியானத்துக்கு எடுத்து வைத்து, ஸ்கூட்டியில் வேங்கிக்கால் அலுவலகம் போய், சாயந்திரம் திரும்பி வந்தால் மறுபடியும் அதே வேலை. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. எனக்குள் என்ன சேர்ந்துகொண்டிருந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அடிச்சிடு"

ஐந்தாறு மாதம் கழித்து, கைத்தடியோடு நாலு அடி நடக்க வந்ததும், "மாடிக்குப் போலாம்" என்றார். இடது கையால் வரையப்போவதாகச் சொன்னார். அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை கேன்வாஸ் கட்டினேன். எதையும் தொடாதே என்று சொன்ன அதே அறையில்.

கட்டியதை விடப் பூசியதுதான் கஷ்டம். முதல் பூச்சில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பட்டை பிரஷால் இடமிருந்து வலமாக. காய்ந்ததும் உப்புத்தாள். இரண்டாவது பூச்சு மேலிருந்து கீழாக. மறுபடி உப்புத்தாள். மூன்றாவது மறுபடி குறுக்காக. வெயில் நாளில் பிரஷ் திரும்புவதற்குள் காய்ந்துவிடும், கோடு நின்றுவிடும். தேய்த்த தூள் மூக்கில் ஏறி, ராத்திரி சோற்றில்கூட அந்த வாசனைதான். ஒவ்வொரு பூச்சுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

"இங்க மேடு."

தேய்ப்பேன்.

"இப்ப பள்ளம்."

பூசுவேன்.

காலையில் அலுவலகம் போகும்போது அவரை மாடியில் உட்கார வைத்து, வண்ணக் குழாய்களின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். சாயந்திரம் நான் படியேறும் சத்தம் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "அடிச்சிடு" என்பார்.

வரைந்ததன் மேல் வெள்ளை அடித்துவிடு என்று அர்த்தம்.

"நான் ஒரு தடவ பாக்கறேங்க."

"பாக்காத. அடி."

பார்க்காமல் எப்படி அடிப்பது? மலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், நனைந்த சாக்கு மூட்டை போல. கோடு போட நினைத்த இடத்தில் கை நடுங்கிய தடம். நான் அதன் மேல் பிரஷை ஓட்டுவேன். மூன்று பூச்சு. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. புதுத் துணி கட்டுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "கெட்ட படத்துக்கு எதுக்குப் புதுத் துணி" என்பார். பூச்சு ஏற ஏற கேன்வாஸ் கனத்தது. இழை தெரியாமல் போனது. அதற்கும் நான்தான் காரணம். "பூசிப் பூசித் துணியச் சாகடிச்சிட்ட" என்றார் ஒரு நாள்.

மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது.

பாஸ்கர் வந்த ஞாயிற்றுக்கிழமை

செங்கம் சாலையில் காபிக் கடை வைத்திருக்கும் பாஸ்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். இவருடைய படங்களைப் பல வருஷம் சுவரில் மாட்டியவர். நல்ல மனிதர். பழம் வாங்கி வந்திருந்தார். நான் டீயோடு மாடி ஏறினேன். வாசற்படியை நெருங்கியபோது பாஸ்கர் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இடது கையால ஒண்ணே ஒண்ணு முடிச்சிக் குடுங்க. கடையில நடு செவுத்துல மாட்றேன். கேக்கறவங்க கேட்டுக்கினே இருக்காங்க."

"எங்க வரையறது?" என்றார் இவர். "இவ பூசறதுல எவன் வரைவான்? மேடும் பள்ளமுமா கீறி வெக்கறா. கை நல்லாத்தான் வருது. துணிதான் சரியில்ல."

பாஸ்கர் கேன்வாஸைத் தொட்டுப் பார்த்திருப்பார் போல. பிறகு, "நல்லாத்தானேண்ணே இருக்குது" என்றார் மெதுவாக.

"உனக்கு என்னா தெரியும்? கம்மி கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சி பூசினாக்கூட இதவிட ஜாஸ்தி சுத்தமா இருக்கும்."

நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். பாஸ்கர் என் முகத்தைப் பார்க்காமல், "ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்றார். என் கையில் உப்புத்தாள் தேய்த்த தழும்பு இருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார் என்பதுதான் அன்று எனக்கு எல்லாவற்றையும் விட அவமானமாக இருந்தது.

அன்று ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன், போட்டுக்கொண்டார்.

மறுநாள்

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டேன். படியேறும்போது "அடிச்சிடு" என்ற சத்தம் வரவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்க, கண் மூடியிருந்தார். பிரஷ் இடது கையிலேயே இருந்தது.

கேன்வாஸைப் பார்த்தேன்.

நன்றாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் அவருடைய மலைகளை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்தில் அவர் வரைந்த ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை. நடுக்கம் இருந்தது, ஆனால் அந்த நடுக்கத்தோடு சேர்த்துத்தான் அது சரியாக இருந்தது.

அப்புறம் ஒரு எண்ணம் வந்தது. இதை எந்தத் துணியில் வரைந்தார்? நான் பூசிய துணியில்தானே வரைந்தார்?

ஜெஸ்ஸோ டப்பாவின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கலக்கவில்லை. பட்டை பிரஷை முழுக்க முக்கி எடுத்து, மேல் மூலையில் வைத்து இழுத்தேன். வண்ணம் சில இடத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. வெள்ளையோடு கலந்து சாம்பலாக இழுபட்டது. அதன் மேல் இன்னொரு முறை இழுத்தேன். அவசரப்படவில்லை. இடமிருந்து வலமாக, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, வரிசை வரிசையாக அடித்தேன். அது காயக் காத்திருந்து மேலிருந்து கீழாக அடித்தேன். கை நடுங்கவே இல்லை.

பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் அசைந்தார். கண்ணைத் திறந்து கேன்வாஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட வைத்திருந்தேன்.

"காயட்டும்" என்றார்.

அவ்வளவுதான். கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். மறுநாள் மாடிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "வேணாம்" என்றார். அதற்கப்புறம் அவர் மாடி ஏறவில்லை. என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்த வாதத்தில் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்திருந்த நித்யா மாடிக்குப் போய் அந்த வெள்ளைக் கேன்வாஸைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "அப்பா கடைசியா வரைஞ்சது எங்கம்மா?"

"அவருதான் அடிச்சிடச் சொன்னாரு" என்றேன். கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன். பாஸ்கரிடமும்.

அவர் சொல்லவில்லை. நானாக அடித்தேன்.

நித்யாவிடம் படித்துக் காட்டியது

இதுவரைக்கும் எழுதிவிட்டு நித்யாவுக்கு போன் செய்தேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும் என்று பட்டது. அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

முழுவதும் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. முடித்ததும் அந்தப் பக்கம் அவள் வீட்டு குக்கர் விசிலடித்தது கேட்டது.

"தெரியும்மா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அப்பா மறுநாளே போன்ல சொன்னாரு. அவரு தூங்கலயாம். சும்மா கண்ண மூடிக்கினு இருந்தாராம். நீ டப்பாவத் தெறந்தப்பவே தெரிஞ்சிடுச்சாம்."

"அப்புறம் ஏன் தடுக்கல? நீ கேக்கலயா?"

"கேட்டேன். 'ஏய்னு ஒரு சத்தம் குடுத்தா அவ நின்னுடுவா. நின்னா அவ மூஞ்சியப் பாக்கணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல'ன்னாரு."

"இத்தினி வருஷமா ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அன்பும் இல்லை. அலுவலகத்தில் கோப்பைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஆனா அதுல என்னா இருந்துச்சுன்னு மட்டும் அவரு சொல்லவே இல்ல. 'உங்கம்மாதான் பாத்தா, அவளக் கேளு'ன்னுட்டாரு. இப்ப சொல்லும்மா."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மலை பெரிதாக இல்லை. பின்னால் இருந்தது, சாம்பல் நிறத்தில் கொஞ்சம் ஊதா கலந்தாற்போல. முன்னால் எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டிகள், மூன்றும் கறுப்பு. ஒரு செல்போன் கோபுரம். குறுக்கே துணி காயப்போடும் கொடி.

"அப்பா தொட்டியெல்லாம் போடமாட்டாரே" என்றாள் நித்யா.

"போட்டிருந்தாரு. நாற்காலியில உக்காந்தா ஜன்னல்ல என்னா தெரியுமோ, அது அப்படியே இருந்துச்சு. வெயில்ல எல்லாம் ஆடற மாதிரி."

"கொடியில துணி இருந்துச்சா?"

"ரெண்டு துணி. ஒண்ணு புடவை."

"கீழ?"

கீழே என்ன இருந்தது என்று யோசித்தேன். என் பிரஷ் கடைசியாகப் போன இடம் அது. வலது பக்கம் கீழ் மூலை.

"கீழ ஒண்ணுமில்ல. ஒரு கை அளவு எடம் அப்படியே வெள்ளையா இருந்துச்சு. நான் பூசின வெள்ளை."

சொல்லும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப அது முடியலம்மா" என்றாள். "மறுநாளைக்கு வெச்சிருந்தாரு."

"ஆமாம்" என்றேன்.